புருவம் உயர்த்தும் சத்திரசிகிச்சை: தழும்பு எங்கே விழப்போகிறது?

மட்டக்களப்பில் என்னுடைய பின்னேரக் கண் கிளினிக்கில் இப்போது அடிக்கடி நடக்கும் ஒன்று. வந்தவர் கதிரையில் அமர்ந்ததும் இரண்டு பெருவிரலையும் நெற்றியோரத்தில் வைத்து, புருவத்தின் வால்பக்கத்தை மேலே இழுத்துப் பிடிப்பார். "இவ்வளவு உயர்ந்தாக் காணும், டொக்டர்." பக்கத்தில் நிற்கும் மகள் போனை நீட்டுவாள். கமரா வைத்துச் செய்யும் புருவச் சத்திரசிகிச்சையின் வீடியோ அதில் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் புதிசாம், அதுதான் நல்லதாம்.

புருவத்தை உயர்த்த ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. கேட்டு வருபவர்கள் புதிசா பழசா என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, எவ்வளவு உயர வேண்டும், தழும்பு எங்கே விழும் என்பதை. ஒருவருக்குப் பொருந்தும் முறை அநேகமாக இந்த இரண்டிலேயே முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால், இறங்கியிருப்பது புருவம்தானா? "கண் சின்னனாப் போச்சு" என்று வருகிறவர்களில் சிலருக்கு மேல் இமையின் தோல் தொங்கியிருக்கும். சிலருக்கு இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கும். சிலருக்குத்தான் புருவமே கண்குழியின் எலும்பு விளிம்புக்குக் கீழே வந்திருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இவை கலந்தே இருக்கும். நான் கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைக் கையால் தடவித் தளரவிட்டு, புருவத்துக்கு மேலே விரலை அழுத்திப் பிடித்தபடி கண்ணைத் திறக்கச் சொல்வேன். அதுவரை நெற்றித் தசை இழுத்துப் பிடித்திருந்த புருவம் அப்போதுதான் தன் உண்மையான இடத்தைக் காட்டும். அதன் பிறகு இமை விளிம்புக்கும் கண்மணியின் நடுவில் விழும் வெளிச்சப் புள்ளிக்கும் இடைத்தூரத்தை அளப்பேன். சாதாரணமாக 4 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருக்கும். 2 மில்லிமீட்டர்தான் என்றால் பிரச்சினை இமைத் தசையில். புருவத்தை எவ்வளவு தூக்கினாலும் அந்தக் கண் திறக்காது.

இதைப் பார்க்காமல் இமைத் தோலை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? கண்ணை மறைத்த தோல் போனதும் நெற்றித் தசைக்கு வேலை குறையும், அது ஓய்ந்துவிடும், புருவம் இன்னும் கீழே வரும். ஆறு மாதத்தில் "திரும்பவும் தோல் வளர்ந்திட்டுது" என்று வருவார்கள். தோல் வளரவில்லை, புருவம்தான் இறங்கியிருக்கிறது. அப்போது புருவத்தைத் தூக்கப் போனால், ஏற்கனவே தோல் குறைந்த இமை மூடாது. இமை விளிம்பிலிருந்து புருவம் வரை குறைந்தது 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்ச வேண்டும் என்பது இமையில் கத்தி வைக்கும் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் கணக்கு.

அழகுச் சிகிச்சைக்குள் வரவே கூடாத சிலதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க இமை திடீரென்று விழுந்து, கண்மணி விரிந்து, தலையிடியோ இரட்டைப் பார்வையோ வந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் நன்றாகத் திறந்து, பின்னேரமானால் விழும் இமைக்குத் தசைக்களைப்பு நோய் காரணமாகலாம். புருவத்து மயிர் உதிர்ந்துகொண்டே போனால் தைரொயிட்டையும் தொழுநோயையும் யோசிக்க வேண்டும். வாவிக்குள் மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்த ஊர்க்காரர் நாங்கள், தொழுநோய் என்றதும் முகம் சுளிக்கிறோம். மாத்திரையால் முற்றாகக் குணமாகும் நோய் அது. அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது.

சரி, புருவம்தான் இறங்கியிருக்கிறது என்று வைப்போம். பெரும்பாலும் வால்பக்கம்தான் முதலில் இறங்கும். புருவத்தைத் தூக்கும் நெற்றித் தசை பக்கவாட்டில் கன்னப்பொறி வரை போவதில்லை, முன்னமே முடிந்துவிடுகிறது. கீழே இழுக்கும் கண்சுற்றுத் தசையோ அங்கே பலமாக இருக்கிறது. ஆகவே பலருக்கு முழு நெற்றியையும் உரித்துத் தூக்கத் தேவையே இல்லை.

பழைய முறை, காதிலிருந்து காது வரை உச்சந்தலையால் வெட்டி, தலைத்தோலில் ஒரு பட்டையை எடுத்துவிட்டுத் தைப்பது. புருவத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சையைப் பிரான்சில் பாஸோ 1919இலேயே எழுதிவைத்தார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இந்த நீண்ட வெட்டுத்தான் ஆட்சி செய்தது. நன்றாக உயரும், நெடுநாள் நிற்கும். ஆனால் வெட்டுக்குப் பின்னால் தலை மரத்துப்போகும், உணர்வு திரும்பும்போது மாதக்கணக்கில் கடிக்கும், முன்மயிர்க்கோடு பின்னுக்குப் போகும். பாயின் ஒரு கோடியைப் பிடித்து மறுகோடியை நகர்த்துவது மாதிரியான வேலை: இழுக்கும் இடம் புருவத்திலிருந்து எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு இழுப்பு வழியிலேயே வீணாகும். நெற்றி ஏற்கனவே 6 சென்ரிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு இதே வேலையை மயிர்க்கோட்டின் விளிம்பில் வெட்டிச் செய்வார்கள். கத்தியைச் சரித்து வெட்டினால் தழும்புக்குள்ளாலேயே மயிர் முளைத்து அதை மறைக்கும். நெற்றியும் சற்றுக் குறுகும். தலைமயிரை வழித்து இழுத்துக் கொண்டை போடுகிறவர்கள் இதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

இனி அந்தப் போன் வீடியோவுக்கு வருவோம். எண்டோஸ்கோப் முறை 1990களின் தொடக்கத்தில் வந்தது. மயிருக்குள் ஒன்றரை, இரண்டு சென்ரிமீட்டர் அளவில் மூன்று முதல் ஐந்து வெட்டுகள். அவற்றுக்குள்ளால் கமராவையும் கருவியையும் விட்டு, எலும்பின்மேல் ஒட்டியிருக்கும் சவ்வோடு நெற்றியைக் கிளப்பி, கண்குழி விளிம்பில் அந்தச் சவ்வை அறுத்து விடுவார்கள். பலரும் நினைப்பதுபோலக் கமரா எதையும் தூக்குவதில்லை. புருவத்தை உயரவைப்பது விளிம்பில் நடக்கும் அந்த விடுவிப்புத்தான். அதை அரைகுறையாகச் செய்தால், மேலே எத்தனை திருகாணி போட்டுக் கட்டினாலும் புருவம் சில மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். விடுவித்ததை மேலே பிடித்துவைக்கத் திருகாணி, எலும்பில் துளைத்த சிறு கால்வாய், தானாகக் கரையும் கொக்கி என்று பல வழிகள். கொக்கி வைத்தவர்கள் சில மாதத்துக்குத் தலை சீவும்போது அது கையில் தட்டுப்படுகிறது என்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

நல்ல முறைதான். நடுத்தர உயரமான நெற்றி, அடர்ந்த மயிர், அவ்வளவு தடிப்பில்லாத தோல் உள்ளவருக்கு நான் மறுப்பே சொல்லமாட்டேன். உயர்ந்து வளைந்த நெற்றிக்குள் நேரான கருவி போவது கஷ்டம். வழுக்கைத் தலையில் வெட்டை ஒளிக்க இடமில்லை. நெற்றியும் ஒரு சொட்டு நீளும். இன்னொன்று, புருவத்தின் நடுப்பக்கம் அளவுக்கு மீறி உயர்ந்தால் எந்நேரமும் திடுக்கிட்டது மாதிரியான முகம் வந்துவிடும். இந்தச் சத்திரசிகிச்சையை நான் செய்வதில்லை, பொருந்துகிறவர்களைப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புகிறேன். ஆகவே நான் சொல்வதில் ஒரு கண் டொக்டரின் பக்கச்சாய்வு இருக்கும். அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பெண்களில் வால்பக்கம் மட்டும் இறங்கியவர்களுக்கு எனக்குப் பிடித்தது கன்னப்பொறி வழி. காதுக்கு மேலே, மயிருக்குள் மூன்று நாலு சென்ரிமீட்டர் வெட்டு. வால்பக்கம் உயரும், நடுப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. பின்னல் போட்டாலும் பர்தா அணிந்தாலும் தழும்பு தெரியாது. விறைப்பூசியோடு, கொஞ்சம் தூக்க மருந்தும் சேர்த்தே செய்யலாம். இதில் கவனிக்க வேண்டியது முகநரம்பின் நெற்றிக் கிளை. காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்தியிருக்கும் குமிழுக்கு அரைச் சென்ரிமீட்டர் கீழிருந்து, புருவ வாலுக்கு ஒன்றரைச் சென்ரிமீட்டர் மேலே ஒரு கோடு போட்டால் அந்த நரம்பு ஏறக்குறைய அதன் வழியேதான் போகிறது. செய்பவர் அதன் அடியிலுள்ள தடித்த சவ்வின்மேலேயே நடக்க வேண்டும். இழுபட்டால் அந்தப் பக்கப் புருவத்தை உயர்த்த ஏலாது. அநேகருக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பிவிடும். அறுந்தால் வேறு கதை. யாரிடம் செய்யப் போகிறீர்களோ அவரிடம் இந்த நரம்பைப் பற்றிக் கேளுங்கள். விளக்கத் தெரியாதவரிடம் போகாதீர்கள்.

நேரடி முறைக்குக் கெட்ட பெயர் அதிகம். புருவத்துக்கு நேர் மேலே தோலை ஒரு வாழையிலை வடிவில் வெட்டி எடுத்துத் தைப்பது, அவ்வளவுதான். 8 மில்லிமீட்டர் எடுத்தால் ஏறக்குறைய அதே அளவு உயரும். வேறெந்த முறையும் இவ்வளவு கணக்காக வராது. தழும்பு முகத்திலேயே விழும் என்பதால் இளம் பெண்ணுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். நூலால் மெல்லிசாக எடுத்த புருவத்தில் ஒளிக்க மயிரும் இராது. ஆனால் சம்மாந்துறைப் பக்கமிருந்து வரும் எழுபது வயது வயற்காரரை நினைத்துப் பாருங்கள். நெற்றி முழுக்க வெயில் கீறிய சுருக்கங்கள், அடர்ந்த புருவம், முன்வழுக்கை, மேல்பார்வையை மறைக்கும் அளவுக்கு இறங்கிய கண். இதயத்துக்கும் மருந்து எடுக்கிறார், முழு மயக்கம் கொடுக்க யோசிக்க வேண்டும். விறைப்பூசியில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். தையல் வெட்டி மூன்று மாதம் கழித்து வந்தால் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முகவாதம் வந்து ஒரு பக்கப் புருவம் நிரந்தரமாக விழுந்தவர்களுக்கும் இதுவே கைகொடுக்கும். ஆனால் முகவாதம் வந்த உடனே வெட்டக் கேட்காதீர்கள். பலருக்கு மாதங்களில் தானாகவே திரும்பும், அதற்குக் காலம் கொடுக்க வேண்டும்.

இமைச் சத்திரசிகிச்சையோடு, அதே வெட்டுக்குள்ளால் புருவத்தை எலும்புச் சவ்வில் தைத்துவிடுவதும் உண்டு. புதுத் தழும்பு இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மேலும் இறங்காமல் பிடித்துவைப்பதே இதன் வேலை. நூல் போட்டு இழுப்பது சில மாதத்துக் காரியம், கலியாணத்துக்கு முன் அவசரப்படுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பொடொக்ஸ் ஊசி, கீழே இழுக்கும் தசையில் சரியாகப் போட்டால் வாலை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தும், மூன்று நாலு மாதம் நிற்கும். பிழையாகப் போவது வேறோர் இடத்தில். நெற்றிச் சுருக்கம் போகவேண்டும் என்று நெற்றித் தசையில் போடுகிறார்கள். புருவம் இறங்கிய ஒருவர் அந்தத் தசையின் பலத்தில்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். சுருக்கம் போகும், கூடவே புருவம் கண்ணுக்குமேல் வந்து குந்தும். ஒருவர் வந்து என்னிடம், "மகள், வாசிக்க ஏலாமக் கிடக்கு, நெத்தி மட்டும் பளிங்காட்டம் இருக்கு" என்றார். காத்திருப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பார்லரில் போடும் ஊசிக்கு, மருந்துப் போத்தலில் பதிவு இருக்கிறதா, போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியார் நிலையங்களையும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஆறு மாதத்தில் மறையும் கோடு, நம்மவரின் நிறத்தில் கறுத்துத் தெரியலாம், சிலருக்குத் தடித்தும் வரும். நான் முதல் நாளே இடது தோளில் பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜீ. ஊசித் தழும்பையும் காது குத்திய இடத்தையும் தடவிப் பார்ப்பேன். அங்கே தடித்துப் பரந்திருந்தால் முகத்தில் கத்தி வைக்கும் பேச்சை நெடுநேரம் பேச வேண்டியிருக்கும். காயம் ஆறியபின் மாதக்கணக்கில் வெயில் படாமல் பார்ப்பது நம்மூரில் லேசான விசயமல்ல.

வறண்ட கண் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். புருவமும் இமையும் உயர்ந்தால் கண் கூடுதலாகத் திறந்திருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணலும் வெக்கையும் சேர்ந்து அந்தக் கண்ணைப் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் அவசரமில்லாத புருவச் சத்திரசிகிச்சைக்கு நான் திகதி கொடுப்பதில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களுக்கும் அது ஒத்துவரும், கட்டுப்போட்ட தலையோடு குமணக் காட்டுவழியால் நடக்க வேண்டியதில்லை.

வரும்போது கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுக்கிறவர்கள் யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்து. நிறுத்துவதா என்பதை இதய வைத்தியரோடு பேசித்தான் முடிவெடுப்போம். பிரஷரும் சீனியும் கட்டுக்குள் வராமல் நான் திகதி போடமாட்டேன். சத்திரசிகிச்சை செய்த இரவு ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி, தெறிக்கும் வலி வந்தால், அல்லது பார்வை மங்கினால், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கண்டலும் வீக்கமும் பத்துப் பதினாலு நாளில் வடியும். அதற்குள் எல்லோரும் கேட்பது, எப்போது மோட்டர்சைக்கிள் ஓடலாம் என்று. ஹெல்மெட்டின் உள்பஞ்சு காதுக்கு மேலே, சரியாகத் தையல் இருக்கிற இடத்தில்தான் அழுத்தும். போடும்போதும் கழற்றும்போதும் தோலை இழுக்கும். ஹெல்மெட் போடாமல் ஓடுகிறேன் என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். தையல் வெட்ட வரும்போதும் ஓட்டோவிலேயே வாருங்கள்.