விமானக் கம்பெனி திவாலானால் ஊழியரின் சம்பளப் பாக்கியும் பி.எஃப். பணமும் என்னாகும்?

2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கிளம்பியதுதான் ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம். அன்றோடு சுமார் 20,000 பேரின் பிழைப்பு அந்தரத்தில் நின்றது. பலருக்கு அதற்கு முன்பே சம்பளம் நின்றுபோயிருந்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோதும் இதே கதைதான். இப்படி ஒரு விமானக் கம்பெனி மூழ்கும்போது, அங்கே வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி என்ன சேர வேண்டும், அதைக் கேட்டு வாங்குவது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏர் இந்தியாவும் கடனில்தான் தத்தளித்தது. ஆனால் அது திவால் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அரசு அதை டாடா குழுமத்துக்கு 18,000 கோடி ரூபாய் மதிப்பில் விற்று, 2022 ஜனவரி 27 அன்று கைமாற்றிக் கொடுத்தது. பெரும்பகுதிக் கடனை அரசே தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டது. ஓராண்டுக்கு யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, இரண்டாம் ஆண்டில் ஆள் குறைப்பதென்றால் விருப்ப ஓய்வு கொடுத்துத்தான் குறைக்க வேண்டும் என்பது விற்பனை நிபந்தனை. அதாவது விற்பனை என்றால் வேலையும் பாக்கியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதைப் பொறுத்தது. திவால் என்றால் விஷயமே வேறு. அங்கே பேசுவது 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம்.

கடன் கொடுத்தவர் யாராவது, அல்லது கம்பெனியே, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பதில் இது தொடங்கும். ஜெட் விஷயத்தில் பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் வங்கிகள் போயின. 2019 ஜூன் 20 அன்று மனு ஏற்கப்பட்டது. கோ ஃபர்ஸ்ட் தானே போய் நின்றது. மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து கம்பெனி மீது யாரும் வழக்குப் போடவோ, நடக்கும் வழக்கைத் தொடரவோ முடியாது. ஊழியரும் தனியாக லேபர் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாது. நிர்வாகம் தீர்வு நிபுணர் ஒருவர் கைக்குப் போகும். அவர் கம்பெனியை வாங்க ஆள் தேடுவார். ஆள் கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்தவர் சொன்னபடி பணம் போடாவிட்டால், கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்றுப் பங்கு போடுவார்கள். வாங்க ஆள் தேடும் கட்டம் 330 நாளுக்குள் முடிய வேண்டும் என்கிறது சட்டம். ஜெட் வழக்கில் வாங்க வந்த கூட்டமைப்பின் திட்டம் 2021 ஜூனில் ஒப்புதல் பெற்று, நிறைவேறாமலே இழுத்து, கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஐந்து ஆண்டுக்கு மேல்! அந்த ஐந்து ஆண்டும் அந்த வீடுகளில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிற்கவில்லை.

பங்கு போடுவதைக் களத்துமேட்டு நெல் போல நினைத்துக்கொள்ளுங்கள். குவியலில் இருந்து முதலில் அளப்பது திவால் நடைமுறையின் செலவு. அடுத்த வரிசையில் இரண்டு பேர் சமமாக நிற்கிறார்கள்: 24 மாத பாக்கிக்குத் தொழிலாளர்கள், அடமானத்தை விட்டுக்கொடுத்து வரிசைக்கு வந்த வங்கிகள். அதற்கு அடுத்துதான் தொழிலாளர் என்ற கணக்கில் வராத மற்ற ஊழியர்கள், அதுவும் 12 மாத பாக்கிக்கு மட்டும். அரசுக்குச் சேர வேண்டிய வரி இவர்களுக்கும் பின்னால்தான். பங்குதாரர் கடைசி. திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்வது இது.

படிக்கும்போது ஊழியருக்கு நல்ல இடம் கொடுத்தது போலத் தெரியும். இரண்டு இடத்தில் அடிபடுகிறது. ஒன்று, அந்த 24 மாதமும் 12 மாதமும் கலைப்பு தொடங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகின்றன என்பது சட்டத்தின் வாசகம். வழக்கு எவ்வளவு இழுக்கிறதோ, சம்பளம் நின்ற மாதங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நழுவும் ஆபத்து அவ்வளவு. இன்னொன்று, விமானக் கம்பெனியில் குவியலே சிறியது. நாம் பார்க்கும் விமானங்களில் பெரும்பாலானவை கம்பெனிக்குச் சொந்தமே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுத்தவை. 2023 அக்டோபரில் மத்திய அரசு, திவால் மனுவோடு வரும் தடை விமானங்களுக்கும் இன்ஜின்களுக்கும் பொருந்தாது என்று அறிவித்துவிட்டது. டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து கோ ஃபர்ஸ்ட்டின் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்கள் மீட்டுக்கொண்டார்கள். ஒரு மில் மூடினால் நிலமும் இயந்திரமும் மிஞ்சும். இங்கே விற்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, களத்துக்கே வராத நெல்லை முதலில் பாருங்கள் என்று. பி.எஃப்., பென்ஷன் நிதி, கிராஜுவிட்டி (பணிக்கொடை) நிதி மூன்றிலிருந்தும் ஊழியருக்குச் சேர வேண்டியது கலைப்புச் சொத்தில் சேராது என்று 36ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. அது வங்கிக்கும் போகாது, வரிக்கும் போகாது. ஜெட் ஊழியர் சங்கங்கள் இதை வைத்துத்தான் போராடின. திவால் நடைமுறை தொடங்கிய நாள் வரைக்குமான பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்க வந்தவர்கள் செய்த மேல்முறையீட்டை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. கம்பெனி கிராஜுவிட்டிக்கென்று தனி நிதியே வைக்காமல் விட்டிருந்தால் சிக்கல்தான். அதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி வரவில்லை.

கிராஜுவிட்டி கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000 ரூபாய், எட்டு ஆண்டு சர்வீஸ் என்று வையுங்கள். 26,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 15,000. எட்டு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பொதுவாக ஐந்து ஆண்டு முடித்திருக்க வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம். இந்தத் தொகையை நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். போனில் பாஸ்புக்கைத் திறந்து மாதவாரியாகக் கீழே இறங்கி வாருங்கள். ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்கு ஒரு கட்டத்திலும் கம்பெனியின் பங்கு அடுத்த கட்டத்திலும் இருக்கும். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் அந்த மாத வரியே இல்லை என்றால், கம்பெனி உங்கள் பணத்தைப் பிடித்துக் கட்டாமல் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சம்பளச் சீட்டையும் பாஸ்புக் பக்கத்தையும் அன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி மெயிலும் ஆப்பும் நாளைக்குத் திறக்காமல் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை பார்த்தவர், சீட்டெல்லாம் கம்பெனி ஆப்பில்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். கம்பெனி மூடிய வாரமே லாகின் போய்விட்டது. வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் அவர் மாதம் மாதமாகக் கணக்கை மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

சரி, பாக்கியைக் கேட்பது எப்படி? திவால் மனு ஏற்கப்பட்டதும் தீர்வு நிபுணர் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் நாளிதழ் அறிவிப்பு கொடுப்பார். ஊழியர் தனியாகக் கேட்க 'படிவம் டி', சங்கம் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்க 'படிவம் இ'. கெடு 14 நாள். தவறினாலும் 90 நாள் வரை கொடுக்கலாம். சங்கம் கொடுத்திருந்தால் பட்டியலில் உங்கள் பெயரும் தொகையும் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சம்பளம், விடுப்புப் பணம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதாமல் தனித்தனியாகக் காட்டுங்கள். பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் வேறு பாதையில் போகிற பணம். ஒன்றாகக் கலந்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே மறைத்தது போலாகிவிடும். கலைப்புக்கு உத்தரவானால் கலைப்பாளர் புதிதாக அறிவிப்பு கொடுப்பார். அப்போதும் கணக்கைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் தொழிலாளரா, மற்ற ஊழியரா என்பதைப் பதவியின் பெயர் தீர்மானிப்பதில்லை. செய்த வேலை என்ன என்பதே கேள்வி. எக்ஸிகியூட்டிவ் என்று அட்டையில் போட்டுவிட்டு கவுன்ட்டரில் பெட்டி எடை போட வைத்திருப்பார்கள். அப்படியானால் தொழிலாளர் என்றே கேளுங்கள். நியமனக் கடிதமும் பணிப் பட்டியலும் சாட்சி.

திவால் நடக்கும்போது வேலைக்குக் கூப்பிட்டால்? கம்பெனி இயங்கி, நீங்கள் உண்மையில் வேலை செய்திருந்தால் அந்த மாதச் சம்பளம் நடைமுறைச் செலவில் சேரும், குவியலில் முதல் அளவே அதுதான். 2022 ஏப்ரலில் ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் தள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வேலை செய்யாமல் பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்தால் அந்த முன்னுரிமை கிடையாது. அதனால் வருகைப் பதிவை விடாதீர்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்த லோடர், துப்புரவு ஊழியர் போன்றவர்கள் இன்னொன்றும் விசாரிக்கலாம். 2018இல் வந்த அடல் காப்பீடு பெற்றோர் நலத் திட்டத்தில், வேலை போனவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, உண்டு. தவணை தவணையாக நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இப்போது மனு வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள்.