மூக்கு நிழல் எங்கே விழுகிறது?

புதிதாகக் கமரா வாங்கிய தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது எந்த லென்ஸ் நல்லது என்றுதான். நான் அவர்களை முற்றத்துக்குக் கூட்டிப்போய், எதிரே நிற்பவரின் மூக்கு நிழல் எங்கே விழுகிறது என்று கேட்பேன். பெரும்பாலும் அப்போதுதான் அதைப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், நண்பகல் 12.10 அளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் படமெடுத்தால் கண்குழி கறுத்து, மூக்கு நிழல் மேலுதட்டில் மீசை போல இறங்கும். எத்தனை இலட்சத்துக் கமராவும் இதை மாற்றாது. ஆளை விறாந்தைக்குள் இரண்டடி தள்ளி நிறுத்தி, முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்புங்கள். முற்றத்து வெள்ளை மணலில் பட்ட வெயில் கீழிருந்து முகத்தில் ஏறும், கண்குழி தெளியும். காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பிளாஷை முகத்தில் அடிக்காமல் மேலே அடி என்பார்கள். வெள்ளை சீலிங் இருந்தால் சரி. நம் பழைய ஓட்டு வீடுகளில் அந்த வெளிச்சம் ஓட்டிலும் மரத்திலும் பட்டுச் செம்மண் நிறமாகத்தான் இறங்கும். பக்கத்து வெள்ளைச் சுவரில் அடியுங்கள். சுவர் கிட்ட இருக்க வேண்டும். பிளாஷிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும்.

நிறத்தை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு கலியாண வீட்டில் முற்றம் முழுக்க நீலத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். நம் கண் அதற்குப் பழகிவிடும், அதனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் பொம்பிளையின் ஒரு கன்னம் நீலம். மணவறையின் மஞ்சள் பல்ப் பட்ட மறு கன்னம் செம்மஞ்சள். வைற் பாலன்ஸில், அதாவது எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று வைக்கும் அமைப்பில், நீலத்தைக் குறைத்தால் மஞ்சள் இன்னும் ஏறியது. கடைசியில் தாலிகட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையாகத்தான் கொடுத்தேன். தாயார் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கலர் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் முதல் நாளே போய்விடுவேன். வைற் பாலன்ஸை வெயிலுக்கு வைத்து, வெள்ளை வேட்டியோடு பந்தலுக்குக் கீழே திரியும் யாராவது ஒரு மாமாவை ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். வேட்டி நீலமாக வந்தால், மணவறைப் பக்கத் தறப்பாளையாவது வெள்ளையாக மாற்றச் சொல்லி வீட்டாரோடு மல்லுக்கட்டுவேன்.