ஆச்சி கண்ணை மூடினால் பூ விரியும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீடு, வளவில் வீணைக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் ஓர் ஆச்சி. தலையில் குல்லா மாதிரி ஒரு வலை, மூளையின் மின்துடிப்பைப் பிடிப்பது; அதிலிருந்து லேப்டாப்புக்கு மெல்லிய வயர்கள். எதிர்ச் சுவரில் புரொஜக்டர் காட்டுவது ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ. (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் பளபளத்துக் கண் கூசும், திரையாக ஒரு வேட்டியைக் கட்டிவிடுவது உத்தமம்.) ஆச்சி கண்ணை மூடிக் கேட்கிறார், பூ விரிகிறது. கண்ணைத் திறக்கிறார், சுருங்குகிறது.

"மனசில் ஓடுவது அப்படியே படமா வருதே!" என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவெல்லாம் இல்லை.

பக்கத்துத் தெருவில் கும்மி நடந்தால் ஒருத்தி கைதட்டுவது நமக்குக் கேட்காது. எல்லாரும் சேர்ந்து கொட்டும்போது தாளம் கேட்கும்; பாட்டின் சொல் அப்போதும் பிடிபடாது. மண்டையோட்டுக்கு வெளியே மூளையைக் கேட்பதும் அப்படித்தான். லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தால்தான் தலைத்தோலில் சில பத்து மைக்ரோவோல்ட் தேறும். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை 30,000 பங்கு போட்டால் ஒரு பங்கு 50 மைக்ரோவோல்ட்.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடம் இந்த மூளைத் துடிப்பைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். விநாடிக்கு 8 முதல் 13 முறை ஆடும் ஆல்ஃபா அலை அவர் கண்டதுதான். கண்ணை மூடியதும் பின்மண்டையில் அது ஓங்கும். பூவை விரிய வைப்பது பெரும்பாலும் இதுவே. 1965இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தன் ஆல்ஃபா அலையைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார். அந்த அதிர்வில் முரசுகள் ஒலித்தன. அவர் செய்ததெல்லாம் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம், தோலும் உலோகமும் தொடும் இடம். உடம்புக்குள் மின்சாரம் உப்பு அயனிகளாக ஓடுகிறது, வயரில் எலக்ட்ரான்களாக. மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊருக்கு இது புரியும்: அங்கே டாலர், இங்கே ரூபாய், நடுவில் மாற்றித்தர ஆள் வேண்டும். அந்த வேலையை வெள்ளியின் மேல் பூசிய வெள்ளி குளோரைடும் இடையில் தடவும் உப்புப் பசையும் செய்கின்றன. இதெல்லாம் மின்வேதியியல். அதற்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது.

அப்புறம் இரைச்சல். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலைக் கருவி வடிகட்டிவிடும். ஆச்சி கண் சிமிட்டினால் அலையை விடப் பெரிய துள்ளல் வரும். வெற்றிலை போட்டால் போச்சு, தாடைத் தசையின் மின்சாரம் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். நாகஸ்வரக்காரர் தலையில் இந்த வலையை மாட்டவே கூடாது.

மிச்சத்தைக் கணினி வேகவாரியாகப் பிரித்து, ஆல்ஃபாவின் வலுவை ஓர் எண்ணாக்கும். அந்த எண் பூவின் அகலமா, நிறமா என்பது ஓவியர் முடிவு. மூளை நிறம் எதையும் அனுப்புவதில்லை. விநாடிக்குப் பத்து முறை ஆடுவதை நம்பி அளக்க ஒரு விநாடியாவது கவனிக்க வேண்டும், அதனால் படம் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். மிருதங்க அடிக்கு அடி பூ துள்ளினால், அந்த வயர் தலையிலிருந்து வரவில்லை, மைக்கிலிருந்து வருகிறது.