ஊட்டிக் குளிர் பழகியவர்களுக்கும் குல்மார்க் புதிய ஊர்தான்

சென்ற வாரம், கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், காலுறையைக் கழற்றிக் காட்டியபோது, வலது காலின் மூன்று விரல் நுனிகள் கறுத்திருந்தன, பாதத்தின் ஓரத்தில் தீக்கொப்புளமும் இருந்தது. குடும்பத்தோடு காஷ்மீரத்தின் குல்மார்க்கிற்குப் பனிச்சறுக்குக்குப் போனவர், முதல் நாளே தலைவலியும் வாந்தியும் வந்தும் மறுநாள் கேபிள் காரில் உச்சிவரை ஏறியிருக்கிறார். பிற்பகல் முழுவதும் மரத்துக் கிடந்த காலை மாலையில் அறையின் கணப்புக்கு அருகே நீட்டி வைத்திருக்கிறார். தலைவலி வந்ததுமே ஏன் ஓய்வெடுக்கவில்லை என்று கேட்டேன். "நாங்க மலையிலேயே பொறந்து வளர்ந்தவங்க, டாக்டர். குளிரும் உசரமும் எங்களுக்குப் புதுசா?" என்றார்.

இந்தக் குளிர்காலத்தில் இதே வாக்கியத்தை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் 2,000 மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்; குல்மார்க்கின் புல்வெளியோ ஏறத்தாழ 2,650 மீட்டர். அதாவது, நம் மாவட்டத்தின் உச்சி முடிகிற உயரத்தில்தான் நீங்கள் அங்கே தங்கும் விடுதியே தொடங்குகிறது. அங்கிருந்து கேபிள் காரின் முதல் கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கோங்தூரிக்கும், இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்கும் கொண்டுபோய் விடுகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால், நம் ஊரில் ஆயுள் முழுவதும் வாழ்ந்தவருக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊட்டியிலேயே தொடர்ந்து வசிப்பவரின் உடல் சமவெளிக்காரரின் உடலைவிட ஓரளவு பழகியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் பிறப்புரிமை அன்று. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கு மட்டும் ஊர் திரும்புகிறவரின் உடல் அதைச் சில வாரங்களிலேயே இழந்துவிடும். சொந்த ஊர் மலையில் இருப்பது அவருக்கு எந்த வகையிலும் உதவாது. உடல் வலிமையும் இங்கே காப்பாற்றாது. கால்பந்து ஆடும் இளைஞர்கள்தான் வேகமாக ஏறி, அறிகுறிகளைச் சொல்லாமல் மறைத்து, அதிகமாகத் துன்பப்படுகிறார்கள்.

எனவே முதல் நாள் சறுக்கவே வேண்டாம். நடந்து பழகுங்கள், மது அருந்தாதீர்கள். தலைவலியோ குமட்டலோ இருந்தால் அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவாக இருந்தாலும் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். எனக்குத் தொலைபேசியில் அழைத்து மாத்திரையின் பெயர் கேட்பதில் ஒரு நிமிடத்தைக்கூடச் செலவிடாதீர்கள். உயர நோய்க்குத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று கடையில் வாங்கி விழுங்குவதும் கூடாது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

குளிருக்கு வருகிறேன். மார்கழி, தை மாத விடியலில் தலைக்குந்தாவின் புல்வெளியை வெளுக்க வைக்கும் உறைபனி, வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். குல்மார்க்கில் சனவரியில் பகலிலும் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். இரவில் அதற்கும் வெகு கீழே இறங்கும். அந்தக் குளிரில் வாடகைக் காலணிக்குள் உங்கள் கால் பல மணி நேரம் அடைபட்டுக் கிடக்கிறது. இங்கே நாம் செய்வதுபோல் இரண்டு பருத்திக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், வியர்வை உள்ளேயே தங்கிவிடும், இறுக்கத்தில் இரத்த ஓட்டமும் குறையும். கம்பளிக் காலுறை ஒன்று போதும். ஈரமானால் மாற்ற இன்னொன்றைப் பையில் வையுங்கள்.

விரல் மரத்து வெளுத்தால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டவே காட்டாதீர்கள். உணர்வற்ற தோலுக்குத் தான் சுடப்படுவது தெரியாது. மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்திற்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். வெப்பமானி இல்லையென்றால், குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல் முழங்கையால் சூட்டைப் பாருங்கள்.

மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்கள் நம் மலைகளிலும் உண்டு. காஷ்மீரத்தில் குளிர் காயக் கையில் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டியிலும் எரிவது கரிதான். அதைப் படுக்கைக்குக் கொண்டு போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு தரும் தலைவலியும் உயர நோயின் தலைவலியும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே அறையில் உறங்கிய எல்லோருக்கும் காலையில் தலை வலித்தால் முதலில் சன்னலைத் திறந்து வெளியே வாருங்கள்.

சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் எடையைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது காலணி பலகையிலிருந்து விடுபடுவதற்கான அளவை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள், அது விடுபடாவிட்டால் முழங்கால் தசைநார் கிழியும். தலைக்கவசம் அணியுங்கள். களைத்த பிறகு இன்னும் ஒரு முறை என்று ஏறாதீர்கள். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும், ஏனெனில் புதுப்பனி அக்கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். கண்ணெரிச்சலோ மாலையில்தான் தெரியவரும். பயணக் காப்பீட்டில் சறுக்கு விளையாட்டு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு தனி வேண்டுகோள். இன்சுலினை உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வையுங்கள். ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகும் பயன்படாது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தயவுசெய்து விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பணம் கட்டி முடித்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்ட பிறகு வருகிறவர்கள், வேண்டாம் என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வதில்லை.