சொல் விளக்கம்: பேத்தோஃபிசியாலஜி

நோய் வந்த உடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் பாடம் இது. தாதிமை (நர்சிங்) படிக்கிற பிள்ளைகள் இதை 'பேத்தோ' என்று சுருக்கிவிடுவார்கள். நாளைக்குப் பேத்தோ தேர்வு என்றால் இன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு முதுநிலைப் படிப்புக்குத் திரும்பிய எனக்கும் அதே கதைதான். தடித்த புத்தகத்தைப் பார்த்து அம்மா ஒருநாள், "அப்படி என்னதாம்மா படிக்கிற?" என்று கேட்டார். "நோயைப் பத்திம்மா" என்றேன். "அப்ப இத்தனை வருசமா ஆஸ்பத்திரியில என்ன செஞ்ச?"

நியாயமான கேள்வி. சரியான தமிழ்ச் சொல் கையில் இருந்திருந்தால் அந்த இடத்தில் மாட்டியிருக்க மாட்டேன்.

பேத்தோஃபிசியாலஜி மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டு: பதோஸ், ஃபியூசிஸ், லோகோஸ். கடைசிச் சொல்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேச்சு, விளக்கம், அறிவு என்று பல பொருள் தரும் அது, 'லஜி' என்று முடிகிற எல்லாத் துறைப் பெயர்களிலும் இருக்கிறது. நாம் அதற்கு 'இயல்' போடுகிறோம்.

பதோஸ் என்றால் பட்ட துன்பம். உடலில் படுவதும் அதுதான், மனத்தில் படுவதும் அதுதான். சிம்பதி என்ற சொல்லின் பின்பாதி இதிலிருந்து வந்தது. 'உடன் வருந்துதல்' என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் இதற்கு இணை தேடி அலைய வேண்டியதில்லை. 'நோ' என்ற வினையிலிருந்து வந்த 'நோய்' அதே இரட்டைப் பொருளோடு நிற்கிறது. குறுந்தொகையில் "நோம் என் நெஞ்சே" என்று ஒரு தலைவி புலம்புகிறாள். அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. இன்றும் 'மனம் நொந்துபோச்சு' என்கிறோம். சிலர் பேத்தாலஜிக்குப் 'பிணியியல்' என்று எழுதுகிறார்கள். பிணி என்பது பிணித்தல், கட்டிப்போடுதல் என்பதோடு சேர்ந்த சொல். அழகுதான், ஆனாலும் பதோஸுக்கு நோய்தான் பக்கம்.

ஃபியூசிஸ் என்றால் இயல்பு, இயற்கை. ஃபிசிக்ஸும் இதே வேர்தான். பழைய கிரேக்கத்தில் ஃபிசியாலஜி என்றால் உலகத்தின் இயல்பை ஆராய்வது. உடலுக்கென்று அது ஒதுங்கவில்லை. அதை நலமாக இருக்கும் உடலின் இயக்கத்துக்கு உரிய பெயராக்கியதில் 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஃபெர்னெலுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் 1847இல் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்கோவ் ஒரு மருத்துவ இதழைத் தொடங்கினார். நோய்சார் உடற்கூறு, நோய்சார் உடலியக்கம் இரண்டையும் அதன் தலைப்பிலேயே சேர்த்து வைத்தார். நம் புத்தகத்தின் பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

ஃபிசியாலஜிக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் காலத்து நூல்களில் அது 'சுகரணவாதம்'. இன்று யாரிடமாவது சொன்னால் பக்கவாதத்தில் ஒரு வகையா என்பார்கள். இலங்கையில் பிற்பாடு 'உடற்றொழிலியல்' வந்தது. தொழில் என்றால் பழைய பொருளில் செயல், ஆகவே இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் இங்கே சிங்கப்பூரில் தொழில் என்றால் வேலை, வியாபாரம். தமிழ்நாட்டில் 'உடலியங்கியல்', 'உடற்செயலியல்' இரண்டும் உண்டு. என் ஓட்டு உடலியங்கியலுக்கு. காரணம், அதில் ஓட்டம் இருக்கிறது. அந்த ஓட்டம் எதற்கு வேண்டும் என்பதை ஒரு பாட்டியின் கால்தான் எனக்குக் காட்டியது.

இதயம் பலவீனமானவர். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி அப்படியே நின்றது. "தண்ணியே அளந்துதானே குடிக்கிறேன் மிஸ்ஸி, அப்புறம் எப்படிக் கால்ல நீர் கோக்குது?" என்றார். (வயதானவர்களுக்கு இன்னும் நாங்கள் மிஸ்ஸிதான், தாதி என்பது செய்தித்தாளில் வருகிற சொல்.)

இதயம் முழு வேகத்தில் தள்ளாததால் இரத்தம் பின்னால் தேங்குகிறது, நாளங்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது, நிற்கும்போதும் உட்காரும்போதும் அது காலுக்கு இறங்குகிறது. இது பாதிக் கதை. மீதியைச் சிறுநீரகம் செய்கிறது. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடலில் நீர் வற்றிவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளை விடுகிறது. அது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை எழுப்ப, நாளங்கள் சுருங்குகின்றன. ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து உப்பை வெளியே விடாதே என்கிறது. உப்பு எங்கேயோ நீரும் அங்கே. விபத்தில் இரத்தம் கொட்டிக் கிடப்பவருக்கு இதே ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். பாட்டிக்கோ, ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் மேல் இன்னும் சுமை ஏறுகிறது.

"தண்ணி மட்டும் இல்ல பாட்டி, உப்பும்தான்" என்றேன். மகள் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டு டப்பாவை அவர் மெதுவாகப் போர்வைக்குள் தள்ளினார்.

இங்கே புதிதாக எதுவும் உடலுக்குள் நுழையவில்லை. எல்லாம் வழக்கமான வேலைகள், தப்பான நேரத்தில் நடக்கின்றன. அதனால்தான் இந்தத் துறையை வெறும் 'நோயியல்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. நோயியல் பேத்தாலஜிக்குச் சரி. கண்ணாடித் தகட்டில் திசுவை வைத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது அது. எதனால் வந்தது என்ற கேள்விக்குக் குறள் தந்த 'நோய்முதல்' இருக்கிறது, அதுவும் எட்டியாலஜிக்குத்தான் பொருந்தும். வந்த பிறகு உடல் எப்படி இயங்குகிறது என்பதற்கு 'நோய் உடலியங்கியல்'. சேர்த்து 'நோயுடலியங்கியல்' என்று எழுதினால் 'நோயுடல்' என்று முதலில் கண்ணில் பட்டு, வாசிப்பவர் தடுக்குகிறார். இடைவெளி விட்டே எழுதலாம்.

மிச்சம் இருப்பது, என் பாடத்தின் பெயரில் முன்னால் நிற்கும் 'அட்வான்ஸ்டு'. 'மேம்பட்ட' என்றால் நோய் தேறிவிட்டது போல இருக்கிறது. 'உயர்நிலை' என்றால் இங்கே உயர்நிலைப் பள்ளிதான், பதின்மூன்று வயதுப் பிள்ளை சீருடையில் நிற்கிறது. 'ஆழ்நிலை' தியானத்துக்குப் போய்விட்டது. கடைசியில் 'முதுநிலை' என்றே கோப்பின் முதுகில் எழுதி ஒட்டினேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மலாய்த் தோழி அதைப் பார்த்துவிட்டு விரலால் எழுத்துகளை எண்ண ஆரம்பித்தாள். பாதி எண்ணுவதற்குள் விரிவுரையாளர் வந்துவிட்டார்.