நிறம் மாறியதெல்லாம் எல் 81.9 ஆகாது

இந்த வார ஆடிட்டிலும் அதே கூத்து. நோயாளியின் சார்ட்டில் 'ஜான்டிஸ்' (காமாலை) என்று டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறார். நோய்க்குக் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடர் போட்டிருப்பது எல் 81.9, அதாவது அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 'அன்ஸ்பெசிஃபைட்', வகை குறிப்பிடாத நிறமிக் கோளாறு. கேட்டால், "ஸ்கின் கலர்தானே மாறியிருக்கு, அன்ஸ்பெசிஃபைட் போட்டா சேஃப்" என்று பதில். பெங்களூரில் அமெரிக்க மருத்துவ இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த 'சேஃப்' எங்கிருந்துதான் தொற்றியதோ!

எல் 81 நிறமிக் கோளாறுகளுக்கான வகை. தோலில் தெரிகிற எல்லா நிறமும் நிறமியால் வருவதில்லை. காமாலை மஞ்சளுக்கு ஆர் 17. பச்சிளங்குழந்தை என்றால் அதுவும் செல்லாது, பிறப்பையொட்டிய கோளாறுகளுக்கான 16ஆம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். நீலம் பாய்ந்தால் ஆர் 23.0, வெளிறினால் ஆர் 23.1, அடிபடாமலே ரத்தம் கட்டினால் ஆர் 23.3.

நிறமிதான் சிக்கல் என்றாலும் 81.9இல் போய் உட்காராதீர்கள். மெலாஸ்மாவுக்கு (முகத்தில் படரும் கருந்திட்டு) எல் 81.1. அதுவே இமையில் என்றால் எச் 02.71, எந்தக் கண், மேல் இமையா கீழ் இமையா என்பதற்கு ஆறாவது இலக்கமும் வேண்டும், இல்லையென்றால் கிளெய்ம் திரும்பி வரும். பரு ஆறிய கருமையை 'போஸ்ட் இன்ஃப்ளமேட்டரி' என்று டாக்டர் எழுதியிருந்தால் எல் 81.0. பச்சை குத்திய நிறம் எல் 81.8.

வெள்ளைத் திட்டில்தான் வயிற்றெரிச்சல். விட்டிலிகோ (வெண்புள்ளி) எல் 80, டினியா வெர்சிகலர் (தேமல்) பி 36.0, பிட்டிரியாசிஸ் ஆல்பா (பெரும்பாலும் குழந்தைகள் முகத்தில் வரும் வெளிர்த் திட்டு) எல் 30.5, தொழுநோய் ஏ 30. போட்டோவைப் பார்த்து இதில் எதுவென்று சொல்வது நம் வேலை இல்லை. ஓபி (வெளிநோயாளி) சார்ட்டில் 'ரூல் அவுட் லெப்ரசி' (தொழுநோயா என்று பார்க்க வேண்டும்), 'ப்ராபபிள் விட்டிலிகோ' (விட்டிலிகோவாக இருக்கலாம்) என்றிருந்தால் அந்த நோயின் கோடைத் தொடவே கூடாது. கண்ட அறிகுறி மட்டும்தான். சந்தேக நோயையும் உறுதியானதுபோல் கோடு செய்கிற விதி அட்மிட் ஆன நோயாளியின் டிஸ்சார்ஜுக்கு உரியது. அதைத் தூக்கி வந்து ஓபியில் ஒட்டுகிறார்கள். பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் ஏ 30 அந்த மனிதரின் ரெக்கார்டில் கிடக்கும். தயவுசெய்து யோசித்துப் போடுங்கள்.

அகரவரிசை இண்டெக்ஸில் கிடைத்த எண்ணோடு நிற்காமல், எண்வரிசையில் இருக்கும் டேபுலர் லிஸ்ட்டைத் திறந்து, எது எது அந்த எண்ணில் சேராது என்று சொல்லும் எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்பைப் படியுங்கள். பிறவி மச்சத்தை எல் 81இலிருந்து க்யூ 82.5க்கு அனுப்புவது அதுதான். அக்டோபர் 1 வந்தால் புதுப் பதிப்பு. போன வருஷத்து எக்செல் ஷீட்டைக் கடாசுங்கள்.

டாக்டர் வெறும் 'டிஸ்கலரேஷன்' என்று விட்டிருந்தால் அவரிடமே விளக்கம் கேட்டு க்வெரி போடுங்கள்: என்ன நிறம், எந்த இடம், காரணம் தெரியுமா. 'பிக்மென்டேஷன்' என்பதற்கு மேல் ஒன்றும் வராதபோதுதான் 81.9. "விட்டிலிகோதானே டாக்டர்?" என்று பதிலை நாமே ஊட்டிக் கேட்டால், ஆடிட்டில் அதுவும் தப்புதான்.