எழுத்தைப் படிக்காத கத்தரி

செல் பிரியும் முன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் ஒரு திசையில்தான் நகரும், ஆனால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதனால் அவற்றில் ஒன்று தடையின்றி நகலாகிறது, மற்றொன்று சின்னச் சின்னத் துண்டுகளாக உருவாகிறது. நகோயா பல்கலைக்கழகத்தில் இவற்றை 1960களில் கண்டறிந்த ரெய்ஜி, சுனெகோ தம்பதியின் பெயரால் இவை ஒகசாகி துண்டுகள் எனப்படுகின்றன. நம் செல்களில் ஒரு துண்டின் நீளம் 100 முதல் 200 எழுத்துகள், அதாவது டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள். ஒரு செல்லில் 600 கோடி எழுத்து ஜோடிகள் இருப்பதால், ஒவ்வொரு முறையும் குறைந்தது 3 கோடித் துண்டுகளை ஒட்டியாக வேண்டும்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் ஆர்என்ஏ இருக்கும். பின்னால் வரும் பாலிமரேஸ் அதை நெட்டித் தள்ள, அது துணியோரத்துப் பிசிறு மாதிரி மேலே எழும்பித் தொங்கும். இந்தப் பிசிறை வெட்டும் நொதிதான் ஃபென்1.

சரி, எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? பிசிறின் எழுத்துகள் இடத்துக்கு இடம் மாறுவதால் அவற்றைப் படித்துப் பயனில்லை. ஃபென்1 உருவத்தைச் சோதிக்கிறது. 2011இல் வெளியான அதன் படிக அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டியது.

முழுமையான இரட்டைச்சுருள் விறைப்பானது, எளிதில் மடங்காது. இழை அறுந்த இடமோ கீல் மாதிரி மடங்கும். ஃபென்1 அந்த இடத்தைப் பிடித்துச் சுமார் 100 பாகை வளைக்கிறது. அப்புறம் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல், பிசிறின் நுனி நொதியிலுள்ள ஒரு வளைவுக்குள் நுழைய வேண்டும். அதில் ஒற்றை இழைதான் புகும், அதுவும் நுனி விடுபட்டிருந்தால்தான். இரு முனையும் இணைந்த ஒற்றை இழை தப்பிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. பிசிறுக்கு எதிரே, புதிதாக வளர்ந்துவந்த இழையின் முனையில் ஒரே ஒரு எழுத்து இணையின்றி நிற்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் இடமுள்ள ஒரு பை ஃபென்1இல் இருக்கிறது. வெட்டும்போது பிசிறின் அடியிலிருந்து சரியாக ஓர் எழுத்து உள்ளே தள்ளி வெட்டுகிறது. காலியான அந்த ஓரெழுத்து இடத்தில், பையில் இருந்த எழுத்து வந்து அமர்கிறது. இடைவெளியும் இல்லை, மிச்சமும் இல்லை. இழைகளை ஒட்டும் நொதியான லைகேஸ் வந்து ஒட்டினால் போதும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்1 நொதியை 2008இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் வெஸ்டின் குழு இனங்கண்டது. உடைந்த டிஎன்ஏவைச் சீர்செய்யும்போது இரண்டு சுருள்கள் பின்னிக்கொண்டு உருவாகும் நாற்சந்தியை, அதாவது 1964இல் ராபின் ஹாலிடே முன்வைத்த ஹாலிடே சந்தியை, அது பிரித்துவிடுகிறது. அங்கே ஒரு வெட்டு போதாது, இரண்டு இழைகளை எதிரெதிரே வெட்ட வேண்டும். தனியாகத் திரியும் ஜென்1 மூலக்கூறுகள் சந்தியின் மேல் வந்தமர்ந்த பிறகே ஜோடி சேர்கின்றன. முதல் வெட்டு விழுந்ததும், ஜோடி பிரிவதற்குள் இரண்டாவது வெட்டும் விழுந்துவிடுகிறது.